இரண்டு இடத்தில் சீட்டு

“சார், ரெண்டு எடத்துல பிஎச்டி சீட்டு கெடச்சிருக்குது. ஒண்ணு கணக்கு, இன்னொண்ணு தியரிட்டிகல் பிசிக்ஸ். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். எதுல சேந்தா நல்லது சார்?”

போனில் கேட்டவன் விமல்ராஜ் என்பதால் பூவராகவனுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. காஞ்சிபுரத்துக்கு வெளியே உள்ள தனியார் பொறியியல் கல்லூரியில் பத்தொன்பது வருடமாகக் கணக்குப் பாடம் நடத்துகிறவர் அவர். விமல்ராஜ் அவருடைய பாடத்தில் மூன்று முறை தோற்றவன். நான்காவது முறையும் தோற்பதற்கு எந்த முயற்சியும் தேவைப்படாத நிலையில் இருந்தான்.

எந்த ஊர் என்று கேட்டார். ஒன்று பெங்களூர், மற்றது புனே. அந்த இரண்டு நிறுவனங்களின் பெயரும் பூவராகவனுக்கு நன்றாகத் தெரியும். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அவரும் இரண்டுக்கும் விண்ணப்பித்திருந்தார். ஒன்று முடியாது என்று கடிதம் போட்டது. மற்றது அதைக்கூடப் போடவில்லை.

“சார், அது வந்து, எங்க வூட்ல...” என்று பையன் இழுத்தான்.

வீட்டில் ஏதோ எதிர்ப்பு என்று பூவராகவன் அதற்குள் புரிந்துகொண்டுவிட்டார். “வீட்டுல நான் பேசிக்கிறேன்பா. கண்ண மூடிக்கினு கணக்குல சேரு” என்று சொல்லிப் போனை வைத்தார்.

பதினோரு மணி டீ வருவதற்குள் ஆசிரியர் அறை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அந்தப் பையனிடம் ஏதோ இருக்கிறது என்று தனக்கு முதல் வகுப்பிலேயே பட்டதாகப் பூவராகவன் சொன்னார். சொல்லும்போது பையனுடைய முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். வரவில்லை. கடைசி பெஞ்சில் ஒரு முழங்கை மட்டும் ஞாபகத்துக்கு வந்தது.

இயற்பியல் துறைத் தலைவர் திருஞானசம்பந்தம் டீயைக் குடித்து முடிக்காமலே எழுந்து முதல்வர் அறைக்குப் போனார். கணக்கு வாத்தியார் மூன்று முறை தோற்கடித்த ஒரு மேதையை இயற்பியல்தான் காப்பாற்றியது என்று அங்கே சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த நிமிடம் பூவராகவனுக்கு அழைப்பு வந்தது. ஒரு மேதை எப்படி மூன்று முறை தோற்றான் என்று முதல்வர் கேட்டார். யாருக்கும் தெரியாத வழியில் கணக்குப் போட்டிருப்பான், பல்கலைக்கழகத்தில் திருத்தியவர்களுக்குப் புரிந்திருக்காது என்றார் பூவராகவன். இங்கே கல்லூரியில் நடந்த தேர்வுகளிலும் தோற்றிருக்கிறானே, அவற்றைத் திருத்தியது யார் என்று முதல்வர் கேட்டார்.

திருத்தியது பூவராகவன். “வேணும்னுதான் சார் ஃபெயில் போட்டேன். அப்பதான் வெறி வரும்.”

முதல்வர் நெகிழ்ந்துபோனார். மாணவர் சேர்க்கை தொடங்க இன்னும் இரண்டு வாரந்தான் இருந்தது. வியாழக்கிழமை பாராட்டு விழா, மேடை முழுக்கப் பேனர், தாளாளர் தலைமை என்று உத்தரவு போட்டார். பையன் எந்தத் துறையைத் தேர்ந்தெடுக்கிறானோ அந்தத் துறை ஆசிரியருக்கும் ஒரு சால்வை என்றும் சேர்த்துக்கொண்டார். திருஞானசம்பந்தம் அன்றே முடி வெட்டிக்கொண்டார்.

இனிப் போனை நம்ப முடியாது என்று பூவராகவன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சின்ன காஞ்சிபுரத்துக்குப் போனார். விமல்ராஜ் வீட்டில் இல்லை. அம்மா தேவகி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். பட்டுக்கடையில் வாடிக்கையாளருக்குப் புடவை விரித்துக் காட்டுகிற வேலை. சார் வீடு தேடி வருவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. நாற்காலியில் கிடந்த அஞ்சல்வழி எம்எஸ்சி புத்தகங்களை எடுத்து வைத்து, அதைத் துடைத்துப் போட்டு, காபி கொடுத்துவிட்டு, எதிரில் நின்றபடி கேட்டாள்.

“எடத்த பாத்து சேர்றதா சார், கைட பாத்து சேர்றதா? பெங்களூர்ல இருக்கற கைடு ரெண்டு வருசத்துல ரிட்டயர்டு ஆவறாராம். அங்க படிக்கிறவங்கள விசாரிச்சேன். நடுவுல ஆள மாத்திக்க விடுவாங்களா?”

இப்படியெல்லாம் கேட்க வேண்டும் என்பதே பூவராகவனுக்கு அன்றுதான் தெரிந்தது. பையன் நன்றாகச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். கணக்குதான் எல்லாவற்றுக்கும் தாய் என்று பத்து நிமிடம் பேசினார். தேவகி பொறுமையாகக் கேட்டுவிட்டு, வயது ஒரு தடையாக இருக்குமா என்றாள்.

“இருபத்தொண்ணு சரியான வயசும்மா. நாப்பது தாண்டினாதான் கணக்கு தலையில ஏறாது.”

“உங்களுக்கு எவ்ளோ சார் ஆவுது?”

பூவராகவனுக்கு நாற்பத்தாறு. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். “எந்தப் படிப்பு, எந்த ஊருங்கற கவலையெல்லாம் எங்ககிட்ட விட்டுடுங்க. நீங்க பையனுக்கு நேரத்துக்குச் சோறு போடுங்க, அது போதும்.”

தேவகி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தன் பேச்சு வேலை செய்துவிட்டது என்ற திருப்தியோடு அவர் கிளம்பினார். அன்று மாலையே விமல்ராஜுக்குப் போன் செய்து விழாவைச் சொல்லி, “அம்மாவையும் அவசியம் கூட்டிக்கினு வா. சால்வை போடறோம்” என்றார். பையன் சந்தோஷமாக, அம்மா இல்லாமல் எப்படி சார் என்றான்.

வியாழக்கிழமை கருத்தரங்கக் கூடம் நிரம்பி வழிந்தது. மேடையில் இருபதடிப் பேனர். அதில் விமல்ராஜ் அவன் ஆயுளில் போட்டிராத கோட்டுப் போட்டிருந்தான். தலையைச் சுற்றிப் பறந்த சமன்பாடுகளில் இரண்டு தப்பு. அம்மாவும் பிள்ளையும் வந்த பேருந்து தாமதமாகிவிட்டதால், வாசலிலேயே திருஞானசம்பந்தம் பையனின் வலது கையையும் பூவராகவன் இடது கையையும் பிடித்து மேடைக்கு ஏற்றினார்கள். ஏறும்போதுதான் அவன் பேனரைப் பார்த்தான்.

“சார், இதுல என் படம்...”

“அடக்கம் போதும்பா, உக்காரு” என்றார் பூவராகவன்.

கீழே தேவகி முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டதைக் கவனித்து, அவரே இறங்கிப்போய், அது நிர்வாகத்தாருக்கான இடம் என்று சொல்லிக் கடைசி வரிசையில் கதவோரமாக உட்காரவைத்துவிட்டு வந்தார்.

திருஞானசம்பந்தம் அரை மணி நேரம் பேசினார். பூவராகவன் நாற்பது நிமிடம் பேசினார். தோல்வியைத் தான் எப்படி அளந்து அளந்து கொடுத்தேன் என்று அவர் விவரித்தபோது முதல்வர் கண்களைத் துடைத்துக்கொண்டார். விமல்ராஜ் இரண்டு முறை எழுந்தான். இரண்டு முறையும் பூவராகவன் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

கடைசியில் தாளாளர் சால்வையைக் கையில் எடுத்துக்கொண்டு, மைக்கைப் பையன் பக்கம் திருப்பினார். “சொல்லுப்பா. கணக்கா, பிசிக்ஸா?”

பூவராகவன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் திருஞானசம்பந்தமும் பிடித்துக்கொண்டார். விமல்ராஜ் சால்வையைப் பார்த்தான், பேனரைப் பார்த்தான், பிறகு கூட்டத்தின் தலைகளுக்கு மேல் கதவோரத்தைப் பார்த்துச் சொன்னான்.

“யம்மா, எழுந்து வந்து நீயே சொல்லிடு. சேரப்போறவ நீ, இவங்க என்னைக் கேட்டுக்கினு இருக்காங்க.”