காப்புக் கட்டிய ஆஸ்பத்திரி

அந்த மழைக்காலத்தில், ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளைத் தேடியவர்கள் வாட்டுக்குப் போனார்கள். ஊழியர்களைத் தேடியவர்கள் எதிரே இருந்த கோயில் மண்டபத்துக்குப் போனார்கள்.

மண்டபத்தில் மூச்சுச் சாமி வந்து இறங்கியிருந்தார். சுவாசத்தில் பரவும் எந்த வியாதியும் அண்டாதபடி கறுப்புக் கயிற்றில் காப்புக் கட்டுவாராம். பூண்டுலோயாவிலிருந்து வான் பிடித்து வந்தார்கள். வலப்பனையிலிருந்து பஸ் மாறி மாறி வந்தார்கள். ஒருவர் முதுகில் ஒருவர் இருமிக்கொண்டு, இருமல் வராமலிருக்க வரிசையில் நின்றார்கள். காய்ச்சலுக்கு அதைவிட வசதியான இடத்தை யாராலும் அமைத்துக் கொடுத்திருக்க முடியாது.

நாகலெட்சுமி அந்த ஆஸ்பத்திரியில் தொற்றுக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பான தாதி. ஊழியர்களை மாஸ்க் போட வைப்பதும் காய்ச்சல் தடுப்பூசி ஏற்ற வைப்பதும் அவளுடைய வேலை. கதவுக்குக் கதவு அறிவித்தல் ஒட்டினாள். கூட்டம் வைத்துச் சுற்றறிக்கை வாசித்தாள். வந்தவர்கள் பட்டிஸ் தின்று தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். மாஸ்க் போட்டால் ஒருவருக்குக் கண்ணாடி மங்கியது. இன்னொருவருக்கு மூச்சு முட்டியது. ஊசி ஏற்றினால் எல்லோருக்கும் கை வலித்தது. அந்த மென்மையான உடம்புகள்தான் இப்போது காலையிலிருந்து மழையில் நனைந்தபடி ஒரு முழக் கயிற்றுக்காக நின்றன.

வாட்டு உதவியாளர் லோஜினியும் ஒருநாள் மணிக்கட்டில் கயிற்றோடு வந்தாள். இருமல் நோயாளிகள் நிறைந்த வாட்டில் வேலை, வயிற்றில் தலைப்பிள்ளை. அன்றுவரை ஏதோ பேருக்காவது தாடையில் தொங்கிய மாஸ்க்கை அன்று காணவில்லை.

"மாஸ்க் எங்க லோஜினி?"

"இனி எதுக்கு மிஸ்? சாமி சோதிச்சே காட்டிட்டாரு. ஒரு கிளாஸ் தீர்த்தத்துல குழாய வச்சு ஊதச் சொன்னாரு. ஊத ஊதத் தண்ணி பால் மாதிரி வெள்ளையாயிருச்சு. அதெல்லாம் உள்ளுக்குள்ள இருக்கிற கிருமியாம். பிறகு காப்புக் கட்டி, வேற கிளாஸ்ல ஊதச் சொன்னாரு. தண்ணி அப்படியே இருந்துச்சு."

"வேற கிளாஸ்னா, அதே செம்புல இருந்த தண்ணியா?"

"அதெல்லாம் யாரு மிஸ் பாக்குறது."

பார்க்காமலிருப்பதற்குத்தானே அத்தனை பேரும் கண்ணைத் திறந்துகொண்டு நின்றார்கள்.

அடுத்த கிழமையே லோஜினி படுத்துவிட்டாள். காய்ச்சல் கொதித்தது. ஒட்சிசன் குழாய் இல்லாமல் மூச்சு எட்டவில்லை. தான் கூட்டித் துடைத்த அதே வாட்டில் ஒரு கட்டிலில் கிடந்தாள். சேலைன் ஏற்ற நரம்பு தேடிய நாகலெட்சுமிக்கு மணிக்கட்டுக் கயிறு இடைஞ்சலாக இருந்தது. கத்தரிக்கோலை எடுத்தாள்.

"அறுக்காதீங்க மிஸ்." லோஜினியின் குரல் மூச்சுக்கு நடுவே துண்டு துண்டாக வந்தது. "புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிரும்."

"இவ்வளவு பயம் இருக்குதானே. நான் சொன்னப்போ ஏன் மாஸ்க் போடல? ஊசி ஏன் போடல?"

"நீங்க சுற்றறிக்கை வாசிச்சீங்க மிஸ். அவரு, புள்ள எப்ப பொறக்குது, வீட்ல யாரு பாத்துக்குறாங்கன்னு கேட்டாரு."

நாகலெட்சுமி கயிற்றை அறுத்து ஊசியை ஏற்றினாள். பொய் சொல்கிறவனுக்கு விசாரிக்கத் தெரிகிறது. உண்மை சொல்கிற தனக்கு அறிவித்தல் ஒட்டத்தான் தெரிகிறது. அந்த நினைப்பு அன்று முழுவதும் அவளைக் குத்தியது.

மண்டபத்தில் சாமி இதற்கும் விளக்கம் வைத்திருந்தார். அந்தப் பெண் குளிக்கும்போது காப்பைக் கழற்றி வைத்தாளாம். கேட்டவர்கள் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, தங்கள் கயிற்றை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினார்கள். கழற்றாத கயிற்றைக் கத்தரிக்கோலால் அறுத்தவள் நாகலெட்சுமி. சீருடையோடேயே ரோட்டைக் கடந்து போய் வரிசையில் நின்றாள்.

சாமிக்கு ஒரே பெருமை. "பாத்தீங்களா, பெரிய மிஸ்ஸே வந்துட்டாங்க." இடதுபக்கச் செம்பிலிருந்து கிளாசில் ஊற்றினார். "உறிஞ்சக் கூடாதும்மா. ஊதத்தான் வேணும்." அவள் ஊதினாள். தண்ணீர் வெளுத்தது. கூட்டம் உச்சுக் கொட்டியது. காப்புக் கட்டி முடித்ததும், வலதுபக்கச் செம்பிலிருந்து இன்னொரு கிளாஸ் வந்தது.

நாகலெட்சுமி அதை வாங்கி ஓரமாக வைத்தாள். சாமி கை நீட்டுமுன் இடதுபக்கச் செம்பை எடுத்துத் தானே ஊற்றிக்கொண்டு, காப்புக் கட்டிய கையால் குழாயைப் பிடித்து ஊதினாள். தண்ணீர் மறுபடியும் பால்போல் வெளுத்தது.

"காப்புக் கட்டின பிறகும் கிருமி போகலியே சாமி."

சாமி சிரித்தார். "உங்க மனசுல சந்தேகம் இருக்கும்மா. சந்தேகம் உள்ளவங்களுக்குக் காப்பு வேலை செய்யாது."

"சரிதான். உங்களுக்கு உங்க மேல சந்தேகம் இல்லதானே?" இன்னொரு கிளாசை நிரப்பி அவர் முன் வைத்தாள். "நீங்க ஊதுங்க."

சாமிக்கு அன்று மௌன விரதம் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதை அவர் வாயாலேயே சொன்னார். பிறகு குருவின் உத்தரவு இல்லை என்றார். வரிசையில் நின்றவர்களுக்கு அவர்மேல் அவநம்பிக்கை ஒன்றுமில்லை, பார்க்கும் ஆசைதான். "ஊதுங்க சாமி, அந்த மிஸ்ஸுக்குப் புரியட்டும்" என்று பக்தர்களே நெருக்கினார்கள். வேறு வழியில்லாமல் சாமி பூவை ஊதுவதுபோல மெல்ல ஊதினார்.

"நல்லா ஊதுங்க சாமி" என்றது கூட்டம்.

நன்றாக ஊதினார். கை நிறையக் காப்புக் கட்டியிருந்த மூச்சுச் சாமியின் கிளாஸ் எல்லோருடையதையும்விட வெள்ளையாகத் திரண்டது.

வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. "சுண்ணாம்புத் தண்ணி." சொன்னவர் அதே ஆஸ்பத்திரியின் டொக்டர் லோரன்ஸ். நீளக் கைச் சட்டைக்குள் கறுப்புக் கயிறு ஒளிந்திருந்தது. இரண்டாவது காப்புக்கு வந்திருந்தார். "யாரு ஊதினாலும் வெள்ளையாகும். மூச்சுல வர்ற காபனீரொட்சைட்டு. ஸ்கூல்லயே படிச்சோம்." தலையைக் குனிந்துகொண்டார். அங்கே நின்ற தாதிகளும் மருந்தாளர்களும் அதைப் படித்துத்தான் பரீட்சையில் சித்தியடைந்தவர்கள். பரீட்சைக்குப் பிறகு மண்டைக்குள் ஏன் வீணாக வைத்திருப்பது என்று விட்டுவிட்டார்கள்.

வலதுபக்கச் செம்பில் இருந்தது வெறும் குழாய்த் தண்ணீர். அதை ஒருவர் ருசித்துச் சொல்லும்போதே சாமி காணிக்கைத் தட்டோடு பின்வாசலை நெருங்கியிருந்தார். அவரை வான் வண்டியில் ஏறவிடாமல் பிடித்து வைத்து, பொலிசுக்குச் சொன்னவர்களும் பக்தர்கள்தான்.

லோஜினி மெல்ல மெல்லத் தேறினாள். ஒட்சிசன் குழாயைக் கழற்றிய அன்று ஸ்கேன் செய்து, பிள்ளையின் இதயத் துடிப்பை அவளுக்குக் கேட்கக் கொடுத்தார்கள். அவள் அழுதாள்.

நாகலெட்சுமி அதன்பின் சுற்றறிக்கை வாசிக்கவில்லை. மாஸ்க் பெட்டியும் ஊசிப் பெட்டியுமாக வாட்டு வாட்டாகப் போய், "வீட்ல யாரு இருக்காங்க?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். ஒருவர் வீட்டில் இழுப்புக்கார அப்பா. இன்னொருவர் வீட்டில் கைக்குழந்தை. சொல்லி முடிப்பதற்குள் கை தானாக நீண்டது. டொக்டர் லோரன்ஸ் முதல் ஆளாகச் சட்டைக் கையைச் சுருட்டினார்.

ஆனால் பழக்கம் லேசில் போகுமா? மாஸ்க்கை வாங்கிய அலுவலகக் கிளார்க் விஜிதரன் அதைப் பயபக்தியோடு இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

"மிஸ், இத எந்தக் கிழமையில, எந்தத் திசையப் பாத்துப் போட்டா நல்லது?"

"எந்தத் திசையப் பாத்தாவது போடுங்க" என்றாள் நாகலெட்சுமி. "மூக்கையும் வாயையும் நல்லா மூடுங்க. மூளைய மட்டும் கொஞ்சம் தெறந்து வைங்க."