காதில் விழாத சமாதானம்

உலகில் எஞ்சியிருக்கும் ஒரே தூய ஒழுக்கம் வக்கீல்களிடம்தான் இருக்கிறது. எதிர்த்தரப்புக் கட்சிக்காரரிடம் அவர்கள் நேரடியாகப் பேசமாட்டார்கள். எதுவானாலும் அவருடைய வக்கீல் வழியாகத்தான். இந்த விரதத்தை நீதிமன்ற கேன்டீனில் நேரில் தரிசிக்கும் பேறு ஒரு தையல்காரருக்குக் கிடைத்தது.

மாடியில் அக்கா, கீழே தையல்காரர். மாடிப்படி யாருக்கு என்பது வழக்கு. கோபத்தில் அவர் படிக்கதவைப் பூட்டியதிலிருந்து, முழங்கால் வலிக்கார அக்கா பின்பக்க இரும்பு ஏணியில் ஏறி இறங்குகிறாள். அன்று காலை அவள் பாதி ஏணியில் நின்று மூச்சு வாங்கினாள். தையல்காரருக்கு வழக்கே கசந்துபோயிற்று. ஆனால் பூட்டைத் திறந்தால் அது ‘உரிமையை ஒப்புக்கொண்டதாகும்’ என்று அவருடைய வக்கீல் எச்சரித்திருந்தார்.

எனவே கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்த அக்காவின் வக்கீலிடமே போனார்.

“சார், படியை அக்காவே வச்சுக்கட்டும்.”

வக்கீல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “நீங்க சொன்னது என் காதுல விழல. விழுந்தா தப்பு. உங்க வக்கீல்கிட்ட சொல்லுங்க.”

அந்த ‘உங்க வக்கீல்’ அதே மேசையில், அதே பன்னின் மறுபாதியைத் தின்றுகொண்டிருந்தார்.

“சொல்லிடலாம்,” என்றார் அவர். “ஆனா முறைப்படி. எதிர்த்தரப்புக் ‘கற்றறிந்த நண்பர்’ சாப்பிடறப்ப தொந்தரவு பண்றது நாகரிகமில்ல. அடுத்த வாய்தாவுல பார்ப்போம்.”

வெளியே பெஞ்சில் அக்கா இருந்தாள். தையல்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“தள்ளி உக்காருடா. உன்கிட்ட பேசக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்கார்.”

“எனக்குந்தான் சொன்னாங்க. படியை நீயே எடுத்துக்கக்கா.”

அக்காவே அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“ரெண்டு பேரும் ஏறுனா படி என்ன தேஞ்சா போயிடும்? இதைத்தான் நானும் என் வக்கீல்கிட்ட சொல்லிச் சொல்லி வாயே வலிச்சுப்போச்சு. உன்கிட்ட யாரும் சொல்லவே இல்லையா?”

“காத்துவாக்குல கூட வரல.”

இருவரும் கேன்டீன் மேசைக்கு வந்தார்கள். அக்கா கேட்டாள்: “ஏன் சார், பேசக் கூடாதுங்கிற விதி உங்களுக்கா, எங்களுக்கா?”

கற்றறிந்த நண்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விதி வக்கீல்களுக்கு மட்டுமே. அதைக் கட்சிக்காரர்களுக்கும் நீட்டித்தது அவர்களின் சொந்தப் பெருந்தன்மை.

அக்காவின் வக்கீல் தொண்டையைச் செருமினார். “நல்ல கேள்விம்மா. ஆனா உங்க தம்பி நிக்கறப்ப நான் பதில் சொல்லக் கூடாது.”

அக்கா நிற்பதை முன்னிட்டு, தம்பியின் வக்கீலும் அதே ஒழுக்கத்துடன் மௌனம் காத்தார்.

“வாடா போகலாம்,” என்றாள் அக்கா. “நாம பேச ஆரம்பிச்சா, இவங்க ரெண்டு பேருக்கும் பேச விஷயமே இருக்காது.”