நகராத சைக்கிளில் முதலாளிக்கு முதலிடம்

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணிக்கு, உங்கள் நாத்தனார் எழுதிக்கொள்வது.

இங்கே என் முழங்கால் இரண்டைத் தவிர எல்லாரும் சௌக்கியம். அங்கே நீங்களும், உங்கள் வீட்டுக்காரரும், அதாவது என் அண்ணனும், பிள்ளைகளும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். இல்லையென்றால் அம்மாவுக்குச் செய்தி வந்து, அம்மாவிடமிருந்து எனக்கு வந்து, நான் இந்நேரம் பையைத் தூக்கிக்கொண்டு உங்கள் வாசலில் நின்றிருப்பேன்.

உங்கள் குடியிருப்பு ஜிம்மில் அடுத்த மாதம் முதல் நீங்களே சைக்கிள் வகுப்பு எடுக்கப் போகிறீர்கள் என்று அறிந்து மிகவும் சந்தோஷம். முதல் மாடிக்கே லிஃப்டுக்குக் காத்திருக்கிற நீங்கள், நகராத சைக்கிளில் ஒரு கூட்டத்தையே உட்காரவைத்து மலையேற்றப் போகிறீர்கள் என்றதும் உங்கள் செய்தியை இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன். உன் ஜிம் வகுப்பில் மைக், பாட்டு, திரை இவற்றையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறாய், நாலு வரியில் எழுதி அனுப்பு என்று கேட்டிருந்தீர்கள். நாலு வரியில் அடங்குகிற விஷயமா அண்ணி இது? போனில் சொல்லலாம் என்றால் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுவிட்டு அம்மாவிடம் வரி பிசகாமல் ஒப்பித்துவிடுவார். அதனால்தான் தாளும் பேனாவும். இந்த யோசனைகளையெல்லாம் நான் கற்றுக்கொள்வதற்குள் என் வேலைக்கே உலை வைத்துவிட்டார்கள். அதையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் மைக். தலையில் மாட்டிக்கொள்கிற மைக்குக்கு இடுப்பில் ஒரு சின்ன பேட்டரி டப்பா இருக்கும். வியர்வை பட்டால் அது செத்துவிடும். எனக்கு ஏற்கெனவே ஒன்று செத்துவிட்டதால், புதிதாக வந்ததைக் காய்கறி வாங்கி வந்த பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தால், மைக்கின் வயர் அந்தப் பையில் உரசி, ஸ்பீக்கர் முழுக்க ஒரே சலசலப்பு. இரண்டாம் வரிசையில் ஓட்டுகிற பல் டாக்டர், "மழை கொட்டுது, கார் கண்ணாடி திறந்திருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினார். அவர் பின்னாலேயே இன்னும் மூன்று பேர் ஓடினார்கள். வெளியே வெயில் சுட்டெரித்துக்கொண்டிருந்தது. ஆகவே அண்ணி, டப்பாவுக்கு என்று துணிப்பை விற்கிறார்கள், அதை வாங்கிக்கொள்ளுங்கள். காய்கறிப் பையைக் காய்கறிக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பாட்டு. உங்கள் சொந்த போனிலிருந்து பாட்டுப் போடாதீர்கள். நான் போட்டேன். பெரிய ஏற்றம் என்று மிதியை இறுக்கச் சொல்லியிருந்தேன், எல்லாரும் இருக்கையை விட்டு எழுந்து நின்று மூச்சு வாங்க மிதிக்கிறார்கள், பாட்டு உச்சத்துக்குப் போகிறது, அந்த நேரம் பார்த்து அம்மாவிடமிருந்து போன். கட் பண்ணலாம் என்று ஈர விரலால் தொட்டேன், அது எடுத்துவிட்டது. அறையின் நாலு மூலையிலிருந்தும் அம்மா. "ஏண்டி, ஒரு போன் எடுக்க உனக்கு இவ்வளவு நேரமா? சாப்பிட்டியா இல்லையா?" பின்வரிசையில் ஓட்டுகிற ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, கேள்வி கேட்டால் பதில் சொல்லிப் பழகியவர், "இன்னும் இல்லைங்க" என்று சொன்னார். அம்மாவுக்கு அது கேட்கவில்லை. "உன் அண்ணி சைக்கிள் டீச்சராகப் போறாளாமே, கேள்விப்பட்டியா?" என்று ஆரம்பித்துவிட்டாள். அதற்கு மேல் அம்மா உங்களைப் பற்றிச் சொன்னதை நான் எழுத மாட்டேன் அண்ணி. குடும்பத்தில் கலகம் மூட்டுவது என் வழக்கம் இல்லை. ஆனால் வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் இப்போது தெரியும். ஒருவர் "உங்க அண்ணி பாவம்" என்றார், இன்னொருவர் "அம்மா சொல்றதுலயும் நியாயம் இருக்கே" என்றார். கடைசியில் ஏற்றத்தை யாரும் ஏறி முடிக்கவில்லை.

பட்டால்தானே புத்தி வரும். மறுநாள் போனை விமானத்தில் வைப்பது போல வைத்து, அழைப்பே வராமல் செய்துவிட்டேன். அழைப்பு வரவில்லை. பாட்டும் வரவில்லை. அந்தப் பாட்டெல்லாம் இணையத்திலிருந்து ஓடுகிறவை, முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? பாட்டு நின்ற இடத்திலிருந்து பல் டாக்டர் தானே எடுத்துப் பாட ஆரம்பித்தார். நோயாளிகள் வாயைத் திறந்துகொண்டு பதில் பேசாமல் கேட்பதற்கே பழகிய மனுஷன், அவரை நிறுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பாட்டை இறக்கி வைத்துவிட்டு, அதற்கென்றே ஒரு பழைய போன் வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை அம்மாவுக்குக் கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம் எங்கள் ஜிம் முதலாளி தன் அறையில் உட்கார்ந்தபடி கேமராவில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷன்தான், கத்த மாட்டார், நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டுத்தான் வயிற்றில் அடிப்பார். "டீச்சர், பெரிய திரையில போட்டுக் காட்டற மாதிரி பதிவு பண்ணின வகுப்பு ஒண்ணு விக்கிறாங்க. அதுல சொல்லித்தர்ற அம்மா லீவு கேக்கறதில்லை. அந்தம்மாவோட அம்மா போன் பண்றதும் இல்லை" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "சனிக்கிழமை நானே உங்க வகுப்புல வந்து ஓட்டிப் பாக்கறேன். அதுக்கப்புறம் முடிவு பண்ணலாம்" என்று முடித்துவிட்டார்.

அண்ணி, விளையாட்டாக எழுதிக்கொண்டு போகிறேனே தவிர, அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கு இந்த வேலை பிடிக்கும். விடியும் முன்பே எழுந்து போய், தூங்கி வழிகிற முகங்களையெல்லாம் உட்காரவைத்து, கொஞ்ச நேரத்தில் அதே முகங்கள் சிவந்து சிரித்துக்கொண்டு இறங்குவதைப் பார்க்கிறேனே, அதற்கு ஈடாக எனக்கு வேறொன்றும் தெரியாது. அதை ஒரு திரைக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசே வரவில்லை.

சனிக்கிழமை மைக்குக்குத் துணிப்பை, பாட்டுக்குப் பழைய போன், எல்லாம் தயார். முதலாளி புது ஷூ, இஸ்திரி போட்ட பனியனோடு வந்து என் பக்கத்து சைக்கிளில் ஏறினார். இப்போது திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சைக்கிளின் கைப்பிடியிலும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். மிதிக்கிற வேகத்தையும் பலத்தையும் அது சுவரில் இருக்கிற பெரிய திரைக்கு அனுப்பும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒருவர் பெயர், திரையில் அந்தப் பெயருக்கு ஒரு கோடு. நன்றாக மிதித்தால் கோடு மேலே ஏறும், சோம்பினால் கீழே இறங்கும். எங்கள் மெக்கானிக், முக்கியமான நாளாயிற்றே என்று, அன்று காலை எல்லாப் பெட்டிகளையும் கழற்றிப் புது பேட்டரி போட்டு மாட்டியிருந்தான். அவனுக்கு நல்ல மனசு. அந்த நல்ல மனசுதான் வினையாக முடிந்தது.

வகுப்பு ஆரம்பித்தது. நான் உயிரைக் கொடுத்து மிதிக்கிறேன். திரையைப் பார்த்தால் 'டீச்சர்' என்ற கோடு தரையில் கிடக்கிறது. 'முதலாளி' என்ற கோடு எல்லாருக்கும் மேலே நிற்கிறது. பக்கத்தில் திரும்பினால் மனுஷன் தோட்டத்தில் உலாத்துகிற மாதிரி காலைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் குடிக்க ஒரு நிமிஷம் காலை நிறுத்தினேன், முதலாளியின் கோடு தடாலென்று விழுந்தது. அவர் முகமும் கூடவே விழுந்தது. மறுபடி மிதித்தேன், கோடு எழுந்தது, முகமும் எழுந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பெட்டியை அவர் சைக்கிளிலும் அவர் பெட்டியை என் சைக்கிளிலும் மாட்டியிருக்கிறான் அந்தப் புண்ணியவான்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வகுப்பை நிறுத்தி, "ஐயா, அது உங்க கால் இல்லை, என் கால்" என்று சொல்லியிருப்பீர்களா? நான் சொல்லவில்லை. அவர் சிரிப்பு என் காலில் இருந்தது, என் வேலை அவர் சிரிப்பில் இருந்தது. மிதித்தேன் அண்ணி. ஏற்றத்தில் மிதித்தேன், இறக்கத்திலும் மிதித்தேன், ஓய்வு என்று வகுப்புக்குச் சொல்லிவிட்டு நான் மட்டும் ஓயாமல் மிதித்தேன். அவர் கோடு பல் டாக்டரைத் தாண்டிக் கூரைக்குப் போய்விட்டது. "என்ன டீச்சர், உங்க கோடு எழுந்திருக்கவே மாட்டேங்குது, வயசாயிடுச்சா?" என்று என்னையே கிண்டல் பண்ணினார். சிரித்துவைத்தேன். பேச மூச்சு எங்கே இருந்தது?

வகுப்பு முடிந்ததும் முதலாளி சைக்கிள் மேலேயே எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "எந்தத் திரை டீச்சரும் வேண்டாம். இந்தம்மா வகுப்புல ஒரு நாள் உட்கார்ந்ததுக்கே நான் முதலிடம். இன்னும் என்ன வேணும்?" எல்லாரும் கை தட்டினார்கள். பின்வரிசைத் தலைமை ஆசிரியை மட்டும் என் சைக்கிளுக்கு அடியில் தேங்கியிருந்த வியர்வையைப் பார்த்தார், முதலாளியின் பனியனைப் பார்த்தார், "முதல் மார்க் வாங்கினவருக்கு இஸ்திரி மடிப்புகூடக் கலையலையே" என்று என் காதோடு சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு போனார்.

மெக்கானிக்கைத் தனியே பிடித்துக் கேட்டேன். "எல்லாம் ஒரே மாதிரி பெட்டிதானேக்கா, எதை எதுல மாட்டினா என்ன? மாத்திடட்டுமா?" என்றான். வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ஒரு நாள் கூத்துதானே என்று நினைத்தேன். முதலாளிக்கு ருசி கண்டுவிட்டது. அன்றிலிருந்து தினமும் வருகிறார். தினமும் அதே சைக்கிள், தினமும் முதலிடம், தினமும் என் வயதைப் பற்றி ஒரு கிண்டல். நானும் தினமும் மிதிக்கிறேன். முழங்கால் இரண்டும் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டன. ஆனால் வேலை நிலைத்தது. ஆகவே எல்லாவற்றிலும் முக்கியமான யோசனை இதுதான் அண்ணி. பேட்டரி மாற்றிய பிறகு ஒவ்வொரு சைக்கிளிலும் நீங்களே ஏறி, ஒரு சுற்று மிதித்து, திரையில் சரியான பெயர்தான் அசைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வகுப்பைத் தொடங்க வேண்டும். இதில் மட்டும் அலட்சியம் கூடவே கூடாது.

நீங்கள் எடுக்கப் போகிற வகுப்பு நிறைந்து வழிய வேண்டும், உங்கள் மைக் ஒழுங்காகப் பேச வேண்டும், உங்கள் மூச்சு நின்று நிதானமாக வர வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். அண்ணனுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தங்கள். அம்மாவைப் பற்றி நான் எழுதியதை நீங்கள் படிக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
நாத்தனார்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகிற நேரத்தில் முதலாளி கூப்பிட்டார். நாற்காலியைக் காட்டினார், உட்கார்ந்தேன். "டீச்சர், தினமும் பாக்கறேன், உங்க கோடு தரையிலேயே கிடக்கு. எனக்கு மனசு கேக்கலை. நீங்க வீட்டுல ஓய்வா இருங்க. திங்கட்கிழமையிலிருந்து வகுப்பை நானே எடுத்துக்கறேன். என் சிநேகிதங்க அத்தனை பேரையும் கூப்பிட்டிருக்கேன்" என்றார். மெய்யான கரிசனம் அண்ணி, கண் கூடக் கலங்கியிருந்தது. எனக்கு முதலில் அழுகைதான் வந்தது. வெளியே வந்து படியில் உட்கார்ந்த பிறகுதான் மூளை வேலை செய்தது. வகுப்பு எடுக்கிறவர் டீச்சர் சைக்கிளில்தானே ஏற வேண்டும்? அந்த சைக்கிளில் இருப்பது 'முதலாளி' என்று அவர் பெயர் போட்ட பெட்டி. அவர் மிதிப்பது அவர் பெயரிலேயே, உள்ளது உள்ளபடி, சிநேகிதர்கள் முன்னால் திரையில் வரப்போகிறது. நேராக வரவேற்பு மேசைக்குப் போய், ஒரு மாதச் சந்தா கட்டி, உறுப்பினராகச் சேர்ந்து, அவர் காலி செய்கிற பக்கத்து சைக்கிளை எனக்கென்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். அதில் இருப்பது 'டீச்சர்' பெட்டி. மெக்கானிக்கிடம், எந்தப் பெட்டியையும் சரிபார்க்காதே, தொடவே தொடாதே என்று சொல்லியாகிவிட்டது. ஆகையால், சரிபார்க்க வேண்டும் என்று மேலே எழுதியதை நீங்கள் அடித்துவிடுங்கள். இத்தனை நாள் அவருக்காக மிதித்தேன். திங்கட்கிழமை எனக்காக மிதிக்கப் போகிறேன்.