ஜூலை மாதத்துப் பனி ஆந்தை

மீன்பிடிப்பதை விட்டுவிட்டதாக ஆர்டன் தன் மனைவியிடம் அறிவித்தது மே மாதத்தில். மீன்மேல் அவனுக்கு எந்தக் கோபமும் இல்லை. லவோன் தானும் கூட வருகிறேன் என்றாள், அவ்வளவுதான்.

"கல்யாணம் ஆனதிலிருந்து சனிக்கிழமையானா ஏரிக்கரைக்குப் போயிடுற. எனக்கும் ஒரு தூண்டில் வாங்கிக் குடு. பக்கத்துல உக்காந்துக்கிறேன்."

"மீனுக்குக் காது ரொம்பக் கூர்மை, லவோன். மனுஷக் குரல் கேட்டா ஓடிடும்."

"நான் பேசாம இருப்பேன்."

இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் அவன் கேட்ட ஆகப்பெரிய பொய் அதுதான். அதை மிஞ்ச அவனும் ஒன்று சொல்லவேண்டியதாயிற்று. இனிமேல் தூண்டிலைத் தொடுவதில்லை, சனிக்கிழமைகளில் மாவட்டப் பூங்காவில் நடந்து பறவை பார்க்கப்போகிறேன் என்றான். லவோனுக்குக் கொசு ஆகாது. நடை அதைவிட ஆகாது. அவள் மறுபேச்சில்லாமல் ஒரு பைனாகுலர் வாங்கிக்கொடுத்தாள்.

பூங்கா ஏரியின் கிழக்குக் கரையில், தண்ணீர்மேல் சாய்ந்த ஒரு வில்லோ மரத்தடியில், புதருக்குள் தூண்டிலும் மடக்கு ஸ்டூலும் காத்திருந்தன. பொழுது முழுக்கக் கெளுத்தியும் நிம்மதியும். மாட்டிய மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவான். தடயம் எதற்கு? திரும்பும் வழியில் இயற்கைக் கல்வி மையத்துக்குள் நுழைவான். கழிப்பறைக்குப் பக்கத்துச் சுவரில், பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பறவைகளின் படம் ஒன்று ஒட்டியிருந்தது. மேல் வரிசையிலிருந்து தொடங்கி, வாரத்துக்கு ஒரு பறவையாகப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"இன்னிக்கு என்ன பாத்த?"

"மரங்கொத்தி."

"உன் பேண்ட்டைத் தனியாத் துவைக்கிறேன். என்னமோ வழுவழுன்னு. மரங்கொத்தி இப்படி வழுக்குமா?"

"இது ஏரிக்கரை மரங்கொத்தி."

"அப்படியா," என்றாள் லவோன்.

அயோவாவில் ஒரு மனைவி "அப்படியா" என்றால் புயலுக்கு முன்னால் மாடுகள் படுத்துக்கொள்வதைப் போல. விவரம் தெரிந்தவன் கவனிப்பான். ஆர்டன் தட்டில் இருந்த ருபார்ப் கேக்கைக் கவனித்தான்.

ஜூலையில் கடைசி வரிசைக்கு வந்துவிட்டான். அந்த வரிசையின் தலைப்பைத் தரை துடைக்கும் வாளி ஒன்று மறைத்துக்கொண்டு நின்றது. வாளியை நகர்த்தியிருக்கலாம். பசி.

"இன்னிக்கு?"

"பனி ஆந்தை. வெள்ளை வெளேர்னு."

"பைனாகுலரை மேசை மேலேயே விட்டுட்டுப் போயிட்டியே."

"பெரிய ஆந்தை."

"அப்படியா."

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபி. பூங்காவின் இயற்கைப் பாடங்களை நடத்தும் கிர்ஸ்டன் என்ற பெண்ணை லவோன் கையோடு அழைத்துவந்தாள்.

"ஆர்டன் நேத்து உங்க பூங்காவுல பனி ஆந்தை பாத்தானாம்."

கிர்ஸ்டன் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஜூலையிலயா? அது குளிர்காலத்துல மட்டும் வடக்கேயிருந்து வர்ற விருந்தாளியாச்சே."

ஆர்டன் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. பொய் என்று ஒப்புக்கொண்டால், அப்படியானால் பூங்காவில் என்னதான் செய்தாய் என்ற கேள்வி வரும். வில்லோ மரம் போய்விடும்.

"சீக்கிரமாவே வந்துருச்சுபோல," என்றான்.

கிர்ஸ்டன் நல்ல பெண். வெகுநேரம் அவனை மரியாதையாகப் பார்த்தாள். "உங்களை மாதிரி ஆர்வமுள்ள ஆளைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். சனிக்கிழமைப் பிள்ளைகளை ஏரியைச் சுத்தி நடத்திக் கூட்டிட்டுப் போகணும். எனக்கு உதவியா இருந்தவர் காலை முறிச்சுக்கிட்டார்."

"அவன் சந்தோஷமா வருவான்," என்றாள் லவோன். "சனிக்கிழமை சும்மாத்தான் இருக்கான். மீன்பிடிக்கிறதைக்கூட விட்டுட்டான், பாவம்."

அந்தக் கீழ்த்தளத்தில், கையில் காபியோடு நிற்கும் எவனும் ஒரு வேலையை முடியாது என்று சொன்னதாகச் சரித்திரமில்லை. அவன் அப்பா அப்படித்தான் சாகும்வரை தேவாலயப் புல்லை வெட்டினார். அங்கே முடியாது என்று சொல்ல ஒரே வழி, "ம், பாக்கலாம்" என்பது. ஆர்டன் அதைச் சொன்னான். அங்கே சரி என்பதற்கும் அதே சொல்தான். கிர்ஸ்டன் கைகுலுக்கிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை அவனுக்குப் பச்சைச் சட்டையும் ஒரு விசிலும் கொடுத்தார்கள். பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். ஒருத்திக்கு உண்ணி பயம். ஒருவன் தவளையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இல்லை என்று சாதித்தான். ஆர்டனுக்கு அவனைப் பிடித்திருந்தது.

"மிஸ்டர் ஆர்டன், அது என்ன பறவை?"

"காக்கா."

"அது?"

"அதுவும் காக்காதான். வேற வேலையாப் போகுது."

ஏரி வளைந்தது. கிழக்குக் கரை வந்தது. வில்லோ மரத்தடியில், அவனுடைய மடக்கு ஸ்டூலில், யாரோ உட்கார்ந்திருந்தார்கள். தலையில் கொசுவலைத் தொப்பி. கழுத்தில் பைனாகுலர். கையில் அவனுடைய தூண்டில், வில்லாக வளைந்து நின்றது. அவன் ஒருநாளும் பார்த்திராத பெரிய கெளுத்தி ஒன்று தண்ணீரைக் கலக்கிக்கொண்டு கரைக்கு வந்துகொண்டிருந்தது.

"கார் நிறுத்துற மேட்டுலேர்ந்து இதுல பாத்தா," என்று பைனாகுலரைத் தட்டினாள் லவோன், "இந்த இடம் பளிச்சுன்னு தெரியுது. போன சனிக்கிழமைதான் பாத்தேன்."

ஆர்டன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்.

லவோன் உதட்டில் விரலை வைத்தாள். "பிள்ளைங்களைக் கூட்டிட்டு மெதுவாப் போ, ஆர்டன். மனுஷக் குரல் கேட்டா மீன் ஓடிடும்."