சர்வர் பாயின் தனி வீடு

உலகத்திலேயே ஐ.பி. முகவரிக்குக் குடித்தன நியாயம் பேசிய ஒரே மனிதர் எங்கள் உத்திரமேரூர் சர்வர் பாய்தான். சத்தியம் செய்யவும் தயார்.

இரண்டாயிரத்தின் தொடக்கம். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடையில் உட்கார்ந்தபடி, ஊர் வியாபாரிகளுக்கு அவரவர் கடைப் பெயரிலேயே மெயில் முகவரி வைத்துக் கொடுப்பார். அந்த மெயிலையெல்லாம் வாங்கி அனுப்பும் சர்வர் கம்ப்யூட்டர் அமெரிக்காவில் எங்கோ இருந்தது. அதில் பாய்க்கு இரண்டு ஐ.பி., அதாவது மெயில் வெளியே போக இரண்டு வாசல். ஒன்றில் எங்கள் ரைஸ் மில், விதைக்கடை, ஜவுளிக்கடை எல்லோரும் ஒண்டுக்குடித்தனம். இன்னொன்று பாய்க்கு மட்டும். சார்ஜாவில் வாழ்க்கைப்பட்ட மகளுக்கு அதிலிருந்துதான் தினமும் மெயில் எழுதுவார்.

"நீங்கல்லாம் ஒரே வாசல்ல போய் வந்துகினு கீறீங்க. நான் தனி வூடு நைனா!" என்று இல்லாத மீசையை முறுக்கிக்கொள்வார்.

இலவச மெயில் என்றாலே அவருக்கு ஆகாது. "அது சத்திரம். சொந்த வூடு கீறவன் சத்திரத்துல போய் படுப்பானா?" கடையில் யாராவது அதைத் திறந்தால் மானிட்டரையே அணைத்துவிடுவார்.

விதைக்கடைக்காரர் மகளுக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவருக்குப் பத்திரிகை விட்டுப்போனாலும் ஆயுளுக்கும் மனத்தாங்கல். அந்தப் பயத்தில் மனிதர் கையில் சிக்கிய மெயில் முகவரிக்கெல்லாம், முன்பின் தெரியாத வெள்ளைக்காரன் வரை, பத்திரிகையைத் தட்டிவிட்டார். குப்பை மெயில் அனுப்பும் ஆசாமி என்று, நாங்கள் எல்லோரும் குடியிருந்த அந்த ஐ.பி.யையே மெயில் கம்பெனிக்காரர்கள் கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அவருக்கு மொய் வந்ததோ இல்லையோ, எங்கள் மெயிலெல்லாம் திரும்பி வந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் சிங்கப்பூர் வியாபாரிக்கு அரிசி விலை மெயிலில் போயாக வேண்டும். இல்லாவிட்டால் ஆர்டர் வேறு மில்லுக்கு. மில் குமாஸ்தாவான நான் மூச்சிரைக்க ஓடினேன்.

"பாய், அந்த விதைக்கடைக்காரரை முதல்ல காலி பண்ணச் சொல்லுங்க!"

"இன்னா பேசறே நைனா? கல்யாண வூட்டுக்காரனை வெளிய தொரத்தறதா? பட்டியல்லேர்ந்து நம்ம பேரை எடுக்கச் சொல்லி எழுதிக்கீறேன். நாளாவும்."

"அப்ப எங்க ஆர்டர்?"

பாய் பெருமூச்சோடு கீபோர்டை இழுத்துக்கொண்டார். "நீ என் வூட்டுக்கு வந்துடு. நான் ஒண்டுக்குடித்தனத்துக்குப் போய்க்கிறேன்."

மாற்றிக் கொடுத்தார். விலை மெயில் போய்ச் சேர்ந்தது. ஆர்டரும் வந்தது.

அடுத்த வாரம் வாலாஜாபாத் போயிருந்தேன். அங்கே ஒரு பிரவுசிங் சென்டரில், தலையில் கைக்குட்டையைப் போர்த்திக்கொண்டு ஒருவர் குனிந்து தட்டிக்கொண்டிருந்தார். நம் பாய்! திரையில் இலவச மெயில்.

"இன்னா பாய், சத்திரத்துல படுத்துகினு கீறீங்க?"

பாய் திடுக்கிட்டார். "ஒண்டுக்குடித்தனத்துலேர்ந்து போட்டா திரும்பி வந்துடுது. மெயில் வரலைன்னா பொண்ணு பேஜாராயிடும் நைனா. நம்மூர்ல யார்கிட்டயும் சொல்லிடாதே!"

இத்தனை வருஷம் சொல்லவில்லை, பாய். இன்று சொல்லிவிட்டேன். உங்களை அவ்வளவு பிடிக்கும், அதனால்தான்.