மேனேஜரால் வந்த நோய்

“அசிங்கம் பண்றது மேனேஜர், வியாதி மட்டும் எனக்கா? கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளு!”

தொலைபேசியில் மனைவியிடம் இவ்வாறு முழங்கிவிட்டு அச்சகத்தின் பிழைதிருத்துநர் திரும்பியபோது, கழுத்தில் கைக்குட்டை சுற்றியவராய் மேனேஜர் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

தள்ளச் சொன்னது வீட்டுப் பூனையை. நாள் முழுதும் உறங்கிவிட்டு, உழைப்பவரை மட்டும் முறைத்துப் பார்க்கும் அதன் இயல்பு கருதி, அவரே அதற்கு ‘மேனேஜர்’ என்று பெயர் சூட்டியிருந்தார்.

இரண்டு வாரமாகத் திருத்துநருக்கு மெல்லிய காய்ச்சல். அடித்துப் போட்டாற்போன்ற உடல்வலி. கழுத்தில் நெல்லிக்காய்ப் பருமனில், தொட்டால் வலிக்காத ஒரு கட்டி. இரத்தம் சோதித்த மருத்துவர், டாக்ஸோபிளாஸ்மா என்றொரு கிருமியின் பெயரைச் சொன்னார். “பூனை மலத்துல இருந்து வரலாம், வேகாத கறியில இருந்தும் வரலாம். பெரும்பாலும் தானாவே சரியாயிடும். கண்ணு மங்கினா மட்டும் உடனே ஓடி வாங்க.”

திருத்துநரின் காதில் பூனை மட்டுமே விழுந்தது.

“யாரை வெளியே தள்ளணும்?” என்றார் மேனேஜர்.

“ஐயோ, உங்களை இல்ல சார். எங்க பூனையை!”

“பூனைக்கு என் பதவியா பேரு?”

“ஒரு மரியாதைக்குத்தான் சார். ரெண்டு பேருக்கும் அதே கம்பீரம்.”

“அசிங்கம் பண்ற கம்பீரமா? நாளைக் காலையில மன்னிப்புக் கடிதம் என் மேஜையில இருக்கணும். இல்லைன்னா உங்க மேஜையில நீங்க இருக்க மாட்டீங்க.”

இருபது ஆண்டுகளாகப் பிறர் பிழைகளைக் களைந்தவர், தம் பிழைக்காக ஒரு முழுப் பக்கம் தட்டச்சு செய்தார். வலக்கண்ணில் பனி மூடினாற்போல் இருந்தது. தூக்கமின்மை என்று துடைத்துவிட்டுக்கொண்டார். மும்முறை சரிபார்த்த பின்னரே கடிதத்தை நீட்டினார்.

மேனேஜர் உரக்கப் படித்தார்: “‘சென்ற மாத விருந்தில் தங்கள் திருக்கரத்தாலேயே கறி சுட்டு, எனக்கே முதலில் பரிமாறிய அன்பை எண்ணி, என்றும் பன்றியுடன்...’”

திருத்துநர் கடிதத்தை எட்டிப் பார்த்தார்.

“நன்றி சார்! அது நன்றி!”

“திட்டிட்டு நன்றி வேறயா?”

“இல்ல சார், ‘ந’ அது! கண்ணு மங்கலா இருக்கு, எழுத்தே தெரியல.”

“நேத்து பூனை, இன்னைக்குப் பன்றி. நாளைக்குக் கழுதையா? கண்ணு மங்கல்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. இல்லைன்னா வேற அச்சகம் பாருங்க.”

தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? திருத்துநர் மருத்துவமனைக்கு ஓடினார். நோயாளிப் படிவத்தில் ‘நோய்க்கான காரணம்’ என்ற இடத்தில், மங்கிய கண்ணோடு குத்துமதிப்பாகக் கோடு பிடித்து, ‘மேனேஜர் என்னும் பூனை’ என்று எழுதி நர்ஸிடம் கொடுத்தார்.

கண்ணைப் பரிசோதித்த மருத்துவர், “உள்ளே விழித்திரையில வீக்கம். இன்னும் தள்ளிப்போட்டிருந்தா பார்வைக்கே ஆபத்து. மாத்திரையில அடக்கிடலாம்” என்று சான்றிதழ் எழுதித் தந்தார்.

மருத்துவர் அறையைவிட்டு வெளியே வந்தால், பூனைக்கூடையோடு மனைவி நின்றாள்.

“வாயில்லா ஜீவன் மேல அபாண்டமா பழி போட்டீங்களே! மிருக டாக்டர்கிட்ட ரத்தம் எடுத்துப் பார்த்தாச்சு. அந்தக் கிருமி இது உடம்பை எட்டிக்கூடப் பார்த்ததில்லையாம்.”

“அப்போ எனக்கு எங்கிருந்து வந்துச்சு?”

“வேகாத கறி ஏதாவது சாப்பிட்டீங்களா சார்?” என்று, அந்தப் படிவத்தோடு பின்னாலேயே வந்த நர்ஸ் கேட்டாள்.

திருத்துநர் விருந்தை நினைத்துப் பார்த்தார். கரி அடுப்பு, இடுக்கியோடு ஒருவர், “உள்ளே சிவப்பா இருந்தாத்தான் ருசி” என்ற உபதேசம்.

எதிர் பெஞ்சில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கைக்குட்டையை அவிழ்த்து மடியில் வைத்திருந்த அம்மனிதரின் கழுத்தில், நெல்லிக்காய்ப் பருமனில் ஒரு கட்டி இருந்தது.

“சார், நீங்களா?”

“சுட்டது நான்தானேய்யா. நானும் அதைத்தானே சாப்பிட்டேன்” என்றார் மேனேஜர், பூனையின் முகத்தைப் பாராமல்.

திருத்துநர் பதறிப்போய், படிவத்தில் எழுதியதை அடிக்கப் பேனாவை எடுத்தார். நர்ஸ் அவர் கையைத் தடுத்தாள்.

“மேனேஜரை அடிக்காதீங்க சார், அது சரியாத்தான் எழுதியிருக்கீங்க. பூனையை மட்டும் எடுத்துடுங்க!”