ரைட் கேட்ட வண்டி

“மதினியக் கருப்பந்துறை சுடுகாட்டுக்கே கொண்டு போயிருவமா?” என்று பங்காளி கேட்டதற்குப் பலவேசம், “ரைட்” என்றார்.

“அக்காளுக்குப் பொறந்த ஊரு ஏரலு. அங்கன கொண்டு போயிருவோம் அத்தான்” என்று மைத்துனன் சிவசண்முகம் சொன்னதற்கும், “ரைட்” என்றார்.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அந்த ஒரு சொல்லை வைத்தே குடும்பம் நடத்தியவர். குழம்பில் உப்புச் சரியாக இருந்தால் ரைட். சண்டை போதும் என்றால் ரைட். காதில் விழாவிட்டாலும் ரைட்தான். எது எந்த ரைட் என்று பிரிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி ஆவுடையம்மாள். அவள் இப்போது ஐஸ் பெட்டிக்குள் கிடந்தாள்.

மதியம் வாசலில், இருவரும் ஆளுக்கொன்றாக ஏற்பாடு செய்த இரண்டு வண்டிகள் வந்து நின்றன.

“அத்தான், ஒண்ணைத் திருப்பி அனுப்பிருதேன்” என்றான் சிவசண்முகம்.

“ரைட்.”

அவன் பங்காளியின் வண்டியை அனுப்பினான். அது தெருமுனையில் திரும்புவதைப் பார்த்த பங்காளி, பலவேசத்திடம் போய் அதே ரைட்டை வாங்கிக்கொண்டு வந்து சிவசண்முகத்தின் வண்டியை அனுப்பிவிட்டான். வாசல் காலியானது.

இனி அவரிடம் யாரும் எதையும் கேட்கக் கூடாது, கருப்பந்துறைக்கே போவது என்று முடிவானது. பலவேசத்தின் பஸ்ஸை வெகுகாலம் ஓட்டிய ஷேக் மைதீன் இப்போது அமரர் ஊர்தி ஓட்டுகிறார். போன் போட்டதும் வந்துவிட்டார்.

ஆவுடையம்மாளை ஏற்றினார்கள். எஞ்சின் ஓடியது. வண்டி நகரவில்லை.

“எடும் பாய்.”

“கண்டக்டர் இன்னும் ரைட் சொல்லலையே.”

சிவசண்முகம் தானே, “ரைட், ரைட்” என்று சத்தம் கொடுத்தான். பங்காளி வண்டியின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினான். யாரோ விசில்கூட அடித்துவிட்டு, துஷ்டி வீடு என்று நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அவரு சொல்லணும் வே” என்றார் மைதீன்.

எல்லோரும் பலவேசத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். “அத்தான், ஒரே ஒரு ரைட் சொல்லும்.”

காலையிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் ரைட்டை வாரி வழங்கிய மனிதர் வாயைத் திறக்கவில்லை. பின்கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றார். அதுவரை அழாதவர் அப்போதுதான் அழுதார். பார்த்தவர்களுக்கும் தாங்கவில்லை.

சிவசண்முகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிரைவர் பக்கம் ஓடினான். “உமக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு பாய்? அவரு வாயில இனிமே அது வராது.”

மைதீன் எஞ்சினை அணைத்தார்.

“எனக்குத் தெரியாதா வே? அதான் கேட்டுக்கிட்டே இருக்கேன். இன்னுங் கொஞ்ச நேரம் அந்தம்மா வீட்டு வாசல்லயே இருக்கட்டும்.”